கேத்தோடு எந்தப் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, நாங்கள் வாண்டு என்று கூப்பிடும் அவர்களுடைய ஒரே மகள், அவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க வந்த அவளுடைய சித்தி, அழைக்காமலே வந்து சேர்ந்த என் தங்கையின் கணவர். வேறு யாரும் இல்லை. என் தங்கைகூட அன்று வரவில்லை.

எங்களுடையது முலாம் பூசும் பட்டறை. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் நேரே பட்டறைக்குள் இறங்கலாம். குழாய், கைப்பிடி, தாழ்ப்பாள், சைக்கிள் சாமான் என்று எது வந்தாலும் செம்போ நிக்கலோ துத்தநாகமோ ஏற்றிக் கொடுப்போம். எங்கள் அப்பா தொடங்கியது. எங்கள் கையால் ஏற்றிய பூச்சு உரிந்து திரும்பி வந்தது என்று யாரும் சொன்னதில்லை. சொல்கிறவர் இருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

வாண்டுவுக்கு மறுநாள் வேதியியல் தேர்வு. பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வு. சாதாரணப் பாடமல்ல, உயர்நிலைப் பாடம். மருந்தியல் படிக்கக் கல்லூரியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேதியியலில் 'பி' தரமாவது வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளியில் வைத்த முன்தேர்வில் அவள் வாங்கியது 'டி'. எங்கள் அப்பா வழியில் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. இடம் கிடைத்துவிட்டது என்று நான் வாடிக்கையாளர் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நிபந்தனையைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவசியம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சித்தி என்பவள் தம்பி மனைவியின் தங்கை. குடிநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. சுறுசுறுப்பு, படிப்பு, வாய் மூன்றும் உள்ளவள். அன்று மாலை அவளுக்கு வேலை இருந்தது. அதற்குள் முழுப் பாடத்தையும் ஒரு முறை புரட்டிவிடலாம் என்று காலையிலேயே வந்துவிட்டாள். மேசையில் இருந்த தட்டுகளைத் தானே எடுத்துக் கழுவுமிடத்தில் போட்டுவிட்டு, வெள்ளைத் தாள்களைப் பரப்பினாள்.

"மோல், வினை அளவு, மின்வேதியியல், சமநிலை, பஃபர். இந்த வரிசையில போறோம். யாரும் குறுக்க பேசக் கூடாது" என்றாள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. காப்பீடு விற்கிறவர். ஊரில் அவர் ஏறி இறங்காத படி இல்லை.

"நான் பேசவே மாட்டேன்மா. டீ மட்டும் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அவர்.

மோல் கணக்கு மெதுவாகத்தான் போயிற்று. வினையில் சேரும் இரண்டு பொருளில் எது முதலில் தீரும் என்று கண்டுபிடிக்கும் கணக்கில் வாண்டு திரும்பத் திரும்பச் சறுக்கினாள். எடை குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்பது அவள் நினைப்பு.

"எடையப் பாக்காதடி. எண்ணிக்கையப் பாரு" என்றாள் சித்தி. "ஒரு போல்ட்டுக்கு ரெண்டு நட்டு. கூடையில போல்ட்டு கனமா இருக்கு, நட்டு லேசா இருக்கு. எது தீரும்னு தராசு சொல்லுமா?"

"சொல்லாது."

"பின்ன ஏன் ஒவ்வொரு தடவையும் தராசுல ஏறி உக்கார்ற?"

"எனக்கு வரலை சித்தி. வரலைன்னா விடுங்க."

"வரலைன்னா விட்டுட்டா நாளைக்கு அதுவும் உன்னை விட்டுடும்."

மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். "இந்த மோல் எல்லாம் வாழ்க்கையில எங்க வருது? நானும் படிச்சவன்தான். இன்னை வரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட ஒரு மோல் குடுங்கன்னு கேட்டதில்லை."

"உங்ககிட்ட எதக் கேட்டாலும் பாலிசிதான் வரும்" என்றாள் தம்பி மனைவி சமையலறையிலிருந்து. சித்திகூடச் சிரித்தாள். வாண்டு சிரிக்கவில்லை. பென்சிலின் பின்முனையைக் கடித்துக்கொண்டு அதே கணக்கை மறுபடி போட்டாள். இந்த முறை சரியாக வந்தது. ஆனால் அதற்குள் காலை போய்விட்டது.

சாப்பிட்ட பிறகு மின்வேதியியல் தொடங்கிற்று. சித்தி ஒரு தாளில் இரண்டு குவளைகள் வரைந்தாள். ஒன்றில் துத்தநாகத் தகடு, மற்றதில் செம்புத் தகடு. இரண்டையும் மேலே ஒரு கம்பியால் இணைத்தாள். துத்தநாகத்தின் பக்கத்தில் ஒரு மைனஸ், செம்பின் பக்கத்தில் ஒரு பிளஸ் போட்டாள்.

"இதுல கேத்தோடு எது?"

வாண்டு ஒரு கணம்கூட யோசிக்காமல் துத்தநாகத்தின்மேல் விரலை வைத்தாள். அன்று காலையிலிருந்து அவள் அவ்வளவு வேகமாகச் சொன்ன விடை அது ஒன்றுதான்.

"தப்பு."

"எப்படித் தப்பு? மைனஸ்தானே கேத்தோடு?"

"இங்க இல்லை. எலக்ட்ரானை எந்தத் தகடு வாங்குதோ, அதாவது எங்க ஒடுக்கம் நடக்குதோ, அதுதான் கேத்தோடு. இங்க செம்பு. இதுல அது பிளஸ் பக்கம்."

"இல்லை சித்தி. கேத்தோடு மைனஸ். எனக்கு நல்லாத் தெரியும்."

"முன்தேர்வுலயும் இதைத்தானே எழுதின? அந்தக் கேள்வி முழுசும் போச்சா இல்லையா?"

"போச்சு. ஆனா அவங்கதான் தப்பாத் திருத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

சித்தி பேனாவை மேசைமேல் போட்டாள். "எங்கேருந்து வருது இந்தப் பிடிவாதம்னு எனக்குத் தெரியும். அந்தப் பட்டறைப் புத்தியக் கழட்டி வாசல்ல வச்சிட்டு வா. அப்பத்தான் இது உள்ள ஏறும்."

இதுவரை நான் வாய் திறக்கவில்லை. ஜன்னலோரமாக என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"எந்தப் புத்தியம்மா?" என்று கேட்டேன்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சித்தி மட்டும் என்னை நேராகப் பார்த்தாள்.

"மாமா, நான் பட்டறையைக் குறை சொல்லலை. அங்க இருக்கறது வேற, இது வேறன்னு சொல்றேன்."

"செம்பு எல்லா இடத்துலயும் செம்புதானே? பட்டறைச் செம்பு வேற, பாடப் புத்தகச் செம்பு வேறயா?"

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முலாம் தொட்டியில் சாமானை மைனஸ் கம்பியில் மாட்ட வேண்டும். அதுதான் கேத்தோடு. உலோகம் அங்கேதான் வந்து உட்காரும். எங்கள் பட்டறையில் அந்தக் கம்பிக்குக் கறுப்பு வண்ணம், பிளஸ் கம்பிக்குச் சிவப்பு. கை எட்டும் வயது வந்ததிலிருந்து வாண்டு கறுப்புக் கம்பியில் கொக்கி மாட்டியிருக்கிறாள். அதைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் வீடு. வீட்டில் கற்றதை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் ஆகாது.

"தாள்ல வரைஞ்சது போதும். உள்ள வாங்க. தொட்டியில பாத்துடலாம்" என்று எழுந்தேன்.

"மாமா, நேரம் இல்லை. இன்னும் சமநிலை இருக்கு, பஃபர் இருக்கு."

"ரெண்டு தகட்டை முக்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பாத்துட்டா அவளுக்கும் சந்தேகம் தீந்துடும்" என்றான் தம்பி. சித்தி அவனையும் அவனுக்குப் பின்னால் நின்ற தன் அக்காவையும் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு எழுந்தாள்.

பட்டறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் விதி. அமில ஆவியில் அவை கெட்டுப்போகும். சித்தி தன்னுடையதைப் பைக்குள் போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு வந்தாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார். வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

மாதிரி பார்ப்பதற்கென்று ஒரு சிறிய செம்புத் தொட்டி வைத்திருக்கிறோம். தம்பி ஒரு துத்தநாகத் தகட்டையும் ஒரு செம்புத் தகட்டையும் துடைத்து எடுத்து வந்தான்.

"ரெண்டையும் ஒரே தொட்டியில போடாதீங்க மாமா" என்றாள் சித்தி.

"எங்க தொட்டியில எப்பவும் ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தொங்கும்."

"அது உங்க வேலைக்கு. இதுக்குத் தனித்தனிக் குவளை வேணும். நான் வரைஞ்சதைப் பாத்தீங்கல்ல?"

"போடுடா" என்றேன் தம்பியிடம்.

போட்டான். நீலக் கரைசலில் துத்தநாகத் தகட்டைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகடு பழுப்பேறிக் கறுத்தது. தூக்கிக் காட்டச் சொன்னேன். தகடு முழுவதும் செம்பு படிந்திருந்தது.

"வாண்டு, இங்க பாரு. செம்பு எதுல வந்து உக்காந்திருக்கு?"

"துத்தநாகத்துல."

"உலோகம் வந்து உக்கார்ற பக்கம் என்ன பக்கம்?"

"கேத்தோடு."

"துத்தநாகம் மைனஸ்னு உன் சித்தியே தாள்ல போட்டிருக்கா. அப்ப கேத்தோடு மைனஸ். எழுதிக்கோ."

அவள் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது. கையில் கொண்டுவந்திருந்த தாளில் வேகமாக எழுதினாள். சித்தி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மாப்பிள்ளை யாருக்கும் பொதுவாகச் சொல்லி வைத்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்திருந்தது. அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மாமா, நீங்க ரெக்டிஃபையரைப் போடவே இல்லையே. கரண்ட் இல்லாம எப்படிப் பூச்சு வந்துச்சு? அந்தப் பூச்சை ஒரு தடவ தொட்டுப் பாருங்க."

தகட்டை வாங்கிக் கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். செம்பு சேறு மாதிரி விரலோடு வந்துவிட்டது. கீழே துத்தநாகம் அரித்துப்போய்ப் பல்லைக் காட்டிற்று.

தம்பி சிரித்துவிட்டான். "அண்ணே, இது ஓசிப் பூச்சு!"

எங்கள் பட்டறையில் அதற்கு அதுதான் பெயர். மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே சில உலோகங்களின்மேல் செம்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பார்வைக்குப் பூச்சு மாதிரியே இருக்கும். கைக்கு நிற்காது. வாரமெல்லாம் நாங்கள் இதைத்தான் துடைத்துத் துடைத்துத் தள்ளுகிறோம். புதிதாக வேலைக்கு வருகிற பையன் இதைப் பூச்சு என்று கொண்டுவந்து காட்டினால் என்னிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்வான் என்று தம்பிக்குத் தெரியும். அதனால்தான் சிரித்தான்.

ஓசிப் பூச்சைப் பூச்சு என்று சொல்லி எங்கள் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. வாண்டுவின் தாளைக் கை காட்டினேன்.

"எழுதினதை அடி."

"பெரியப்பா, இப்பத்தானே எழுதச் சொன்னீங்க?"

"அடின்னு சொல்றேன்."

அடித்தாள். பென்சில் முனை தாளைக் கிழித்தது.

"துத்தநாகம் தன்னைக் குடுத்துட்டுச் செம்பை நேரா வாங்கிக்கிச்சு. அவ்வளவுதான். கம்பி வழியா ஒண்ணுமே போகலை" என்றாள் சித்தி. "சரி, ஆரம்பிச்சாச்சு. ஒழுங்கா ஒரு தடவ செஞ்சே காட்டிடறேன். ரெண்டு கண்ணாடிக் குவளை குடுங்க."

அதற்குப் பிறகு தொட்டது எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு குவளையில் துத்தநாகத் தொட்டியின் கரைசல், மற்றதில் செம்புக் கரைசல். தகடுகளை நிறுத்தினால் சாய்ந்து விழுந்தன. தம்பி கவ்விகள் தேடி எடுத்து வந்தான். மின்னழுத்தம் பார்க்கும் மீட்டரைக் கொண்டுவந்தால் அதில் பேட்டரி செத்துக் கிடந்தது. தம்பி வீட்டுக்குள் ஓடிப் போய்க் கூடத்துச் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்தான். மீட்டர் உயிர் பெற்றது, ஆனால் சுழியத்திலேயே நின்றது.

"ரெண்டு குவளைக்கும் நடுவுல பாலம் இல்லையே. உப்புத் தண்ணியில நனைச்ச தாள் வேணும்" என்றாள் சித்தி.

தம்பி மனைவி உப்பு கரைத்துக் கொண்டுவந்தாள். வடிகட்டும் தாளைக் கத்தரித்து நனைத்து இரண்டு குவளைக்கும் நடுவில் போட்டபோது அது நடுவில் அறுந்தது. இன்னொன்று வெட்டினார்கள். வாண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். "நாளைக்குத் தேர்வு" என்று ஒரு முறை சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை.

"சிவப்பு ஒயரை எதுல வைக்கணும்?" என்று என்னைக் கேட்டாள் சித்தி.

"துத்தநாகம் மைனஸ்னா, சிவப்பு செம்புல."

வைத்தாள். ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக மீட்டர் காட்டிற்று. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரவில்லை. செம்புதான் பிளஸ். அதில் சந்தேகம் இல்லை.

"இப்ப வாண்டு நீ சொல்லு. கரைசல்ல இருக்கற செம்பு எந்தத் தகட்டுல போய் உக்காரும்?"

வாண்டு குனிந்து குவளையைப் பார்த்தாள். "செம்புத் தகட்டுல. துத்தநாகம் இந்தக் குவளையிலயே இல்லையே."

"உலோகம் உக்கார்ற பக்கம்?"

"கேத்தோடு." நிறுத்தினாள். மீட்டரைப் பார்த்தாள். "ஆனா அது பிளஸ்."

"உங்க தொட்டியில ரெக்டிஃபையர் எலக்ட்ரானைத் தள்ளிவிடுது. தள்ளிவிடற பக்கம் மைனஸ், அதுல சாமான் தொங்குது. இங்க யாரும் தள்ளலை. துத்தநாகம் தானா குடுக்குது. அதனால துத்தநாகம் மைனஸ், வாங்கற செம்பு பிளஸ். ரெண்டு இடத்துலயும் வாங்கறவன்தான் கேத்தோடு. குறி இடத்துக்கு இடம் மாறும், வேலை மாறாது."

"ஓ" என்றாள் வாண்டு. பிறகு மெதுவாக, "இதை முன்னாடியே இப்படிச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னேன்டி. நீதான் தராசுல ஏறி உக்காந்த மாதிரி கறுப்புக் கம்பியில தொங்கிட்டு இருந்த."

அப்போது சமையலறைப் பக்கம் சித்தியின் கைபேசி ஒலிப்பது கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், தோளில் பையோடு. ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுடைய வேலை நேரம் தொடங்கியாகிவிட்டது. நடுவில் ஒரு முறை வீட்டுக்குள் போனபோது கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். பேட்டரி மீட்டரில் இருந்தது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"சமநிலையும் பஃபரும் நீயே ஒரு தடவ படிச்சிடு செல்லம். கஷ்டமா இருந்தா போன் பண்ணு. எடுக்க முடிஞ்சா எடுக்கறேன்." வாசல் தாண்டும்போது என்னைப் பார்த்து, "வரேன் மாமா" என்றாள்.

அவள் போனதும் வாண்டு வெடித்தாள்.

"இப்ப எனக்குக் கேத்தோடு தெரியும். அது ஒண்ணுதான் தெரியும்! அதுக்கு எவ்வளவு மார்க் தெரியுமா பெரியப்பா? சின்னக் கேள்வி. சித்தி சொன்னதை நம்பி எழுதிட்டுப் போயிருப்பேன். ஏன்னு புரியாட்டி என்ன? யாரு உங்க பட்டறையை என்ன சொன்னா? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே!"

"பெரியப்பாகிட்ட பேசற பேச்சா இது?" என்றான் தம்பி.

"பேசட்டும்" என்றேன்.

"பேசி என்ன ஆகப் போகுது? மத்தியானம் திரும்பி வரப் போகுதா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பேசியது மரியாதையா இல்லையா என்று நான் இங்கே ஆராயப்போவதில்லை. ஒரு நாற்காலியை எடுத்து அவள் அறைக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். யாரும் உள்ளே போய்த் தொல்லை செய்யக் கூடாது என்பதற்காக. மாப்பிள்ளை இரண்டு முறை வந்தார். தெரியாத கேள்விக்கு எந்த விடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று தனக்கு ஒரு வழி தெரியும் என்றார். அந்த வழியோடு அவரை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் பக்கங்கள் புரள்வதும், புத்தகம் மேசையில் விழுவதும் கேட்டன. ஒரு முறை அவள் சித்திக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் நான்தான் அவளோடு பள்ளிவரை நடந்தேன். வாசலில் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கொடுத்தேன். "என்கிட்ட இருக்கு" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். தட்டு வைத்தும் தொடவில்லை.

"கேத்தோடு வந்துச்சு. சின்னக் கேள்விதான். எழுதிட்டேன்." தண்ணீரைக் குடித்தாள். "பஃபர் பெரிய கேள்வியா வந்துச்சு. அதுதான் இருக்கறதுலயே பெருசு. ஒண்ணும் வரலை. எதையோ கிறுக்கிட்டு வந்தேன்."

"பஃபர்னா என்னதும்மா?" என்று கேட்டாள் அவள் அம்மா. ஆறுதலுக்காகக் கேட்டதுதான்.

"கொஞ்சம் அமிலம் சேந்தாலும் புளிப்பு ஏறாம, கொஞ்சம் காரம் சேந்தாலும் இறங்காம, தன் நிலையிலயே பிடிச்சு நிக்கற கரைசல். அப்படித்தான் புத்தகத்துல இருக்கு. ஏன் நிக்குதுன்னுதான் எனக்குப் புரியலை."

தம்பி கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான்.

"அது நம்ம நிக்கல் தொட்டியில போடற போரிக் அமிலம்தானே?"

சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நிக்கல் ஏறும்போது சாமானுக்குப் பக்கத்துல புளிப்பு இறங்கிடும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் அப்பா காலத்துலேருந்து போடறோம். போடலைன்னா பூச்சு கருகிடும். இல்லையாண்ணே?"

"ஆமாம்" என்றேன்.

வாண்டு அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அந்த வெள்ளைத் தூளா? நான் மூட்டை பிரிச்சுக் குடுப்பேனே, அதா?"

"அதேதான்."

"நேத்து முழு மத்தியானமும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்துலதானே நின்னோம்!" என்றாள். தட்டை நகர்த்திவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நாங்கள் நெய்க்குக்கூட அலையவில்லை. அலைய வேண்டும் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முடிவு வந்தது. 'சி'. தம்பியும் நானும் கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். நிபந்தனை நிபந்தனைதான், இடம் காத்திருந்த வேறொருவருக்குப் போய்விட்டது, மறுதேர்வு எழுதி அடுத்த சேர்க்கையில் வரட்டும் என்றார்கள். கெஞ்சிப் பார்க்கலாமா என்பதுபோல் தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை, எங்கள் பழைய வாடிக்கையாளரான குழாய்க் கடைக்காரர் தன் சாமானை எடுக்க வந்தார். எப்போதும் பட்டறைக்குள் வந்து தொட்டியருகில் நின்று கதை பேசுகிறவர், அன்று படியிலேயே நின்றுவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"தேர்வுக்கு முதல் நாள் உங்க பட்டறைப் புகை தலைக்கு ஏறி, மறுநாள் தேர்வு அறையிலேயே மயங்கி விழுந்துட்டாளாமே. பாவம், இல்லைன்னா முதலா வந்திருப்பா. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். எல்லாருக்கும் சொன்னவர் யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தார். மறைக்கவும் இல்லை.

"மச்சான், நான் குடும்ப மானத்தைக் காப்பாத்தியிருக்கேன். பொண்ணு 'சி' வாங்கிட்டான்னு நாலு பேர் சிரிக்கறதுக்கு, அய்யோ பாவம்னு நாலு பேர் சொல்றது மேலா இல்லையா? நீங்கதானே காலேஜ்ல இடம் கிடைச்சாச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க? அதுக்கு ஒரு காரணம் வேண்டாமா?"

"மானத்தைக் காப்பாத்த எங்க பட்டறையில விபத்து நடந்ததாச் சொல்லுவீங்களா?"

"சின்ன விபத்துதானே. உசிருக்கு ஒண்ணும் ஆகலைன்னு நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

வாண்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அது அப்படியே இருக்கட்டும் பெரியப்பா" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் சொல்லச் சொல்லலை. ஆனா சொல்லியாச்சு. தெருவுல எல்லாரும் என்கிட்ட நல்லாப் பேசறாங்க. அங்க இருக்கற ஒரு டீச்சர்கூட மறுதேர்வுக்குத் தனியா சொல்லித்தரேன்னாங்க. 'சி' வாங்கினவளா இருக்கறதைவிட மயங்கி விழுந்தவளா இருக்கறது எவ்வளவோ பரவாயில்லை."

"நீ மயங்கி விழலை."

"எனக்குத் தெரியும்."

"அப்பறம் அதை எப்படிச் சுமப்ப?"

"'சி'யச் சுமக்கறதைவிட லேசாத்தான் இருக்கு" என்றாள். "உங்களுக்குப் பட்டறை மானம்தான் பெருசு. அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான்."

"பட்டறை மானமும்தான். உன் மானமும்தான். நீ கடைசிவரைக்கும் உக்காந்து எழுதினவ. எழுதாம விழுந்தவன்னு யாரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டு முடிவு பண்ணுவீங்களா எப்பவாவது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போனாள். கதவு சாத்திய சத்தத்தில் மேலே ஏதோ உருண்டு விழுந்தது. மாப்பிள்ளை அதை எடுத்து வைக்கப் போகிறவர்போல எழுந்து, அப்படியே வெளியே நழுவிவிட்டார்.

மறுநாள் குழாய்க் கடைக்கு நேரில் போனேன். அங்கே சாமான் வாங்க நின்ற எல்லார் முன்னாலும் சொன்னேன். அங்கே சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் அன்று எந்தப் புகையும் கிளம்பவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வாண்டு மயங்கி விழவில்லை. கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்து எழுதினாள். வாங்கியது 'சி'.